தூதர் பிரபுவும் கண்ணாடிக் கம்பெனியும்

ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வளாகத்தில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை 2000ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்க இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. அந்தத் தொழில் தடத்தின் கதையைச் சொல்பவர்கள் 1990-களின் தாராளமயம், மாநில அரசின் சலுகைகள், சென்னைத் துறைமுகத்தின் அண்மை ஆகியவற்றிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். அது சரியான ஆரம்பம்தான். ஆனால் வந்திறங்கிய நிறுவனங்களுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. செயின்ட் கோபைனின் வரலாறு 1665இல் பதினான்காம் லூயி கொடுத்த அரச சாசனத்தில் தொடங்குகிறது. அதன் நடுவில், 1860-களிலிருந்து 1901இல் சாகும்வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்தக் கம்பெனியின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஒரு பிரபு. தூதராக இருந்தவர், பிரான்ஸின் பிரதமர் பொறுப்பை இருமுறை வகித்தவர், வரலாற்றாசிரியர். நான்காவது டி ப்ராய் கோமகனான ஆல்பெர் டி ப்ராய் என்பது அவர் பெயர். பிளஸ் டூ இயற்பியலில் ‘டி ப்ராய் அலைநீளம்’ படித்த எல்லோருக்கும் அந்தக் குடும்பப் பெயர் தெரியும். எலக்ட்ரானுக்கு அலைத் தன்மை உண்டென்று சொன்ன லூயி டி ப்ராய் இவருடைய பேரன்.

ஆல்பெரின் வாழ்க்கையைப் பிரெஞ்சு அரசியல் வரலாறு ஒரு தோல்விக் கதையாகச் சொல்கிறது. முடியாட்சியை மீட்கப் பார்த்து முடியாமல் போனவர், குடியரசை அடக்கப் பார்த்துத் தேர்தலில் வீழ்ந்தவர். அவர் கண்ணாடிக் கம்பெனிக்குத் தலைமை வகித்ததை அந்த வரலாறு ஓரத்தில் ஒரு வரியாகத்தான் குறிப்பிடுகிறது. தொழில் வரலாறோ அவரைக் கம்பெனிக்குக் கௌரவம் சேர்த்த ஒரு பெயராக எடுத்துக்கொள்கிறது. இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதால்தான் அவர் யார் என்பது பிடிபடாமல் போகிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். தூதரகத்தில் கற்ற வித்தையை அரசாங்கத்தில் நிலைநாட்ட அவருக்கு வாய்க்கவில்லை. அதே வித்தைக்குக் கண்ணாடித் தொழிலில் இடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளில் காலூன்றிய தொழில் நிறுவனம், அரசோடு அரசு பேசும் முறையைத் தன் உறுப்பாகவே வளர்த்துக்கொண்டது. அதற்கு வேண்டிய ஆட்கள் வீழ்ந்துகொண்டிருந்த பிரபு வர்க்கத்திலிருந்து வந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நிலத்தையும் தீர்வையையும் மின்சாரத்தையும் பற்றிப் பேச வந்த நிறுவனத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி உதவும்.

அவர் பிறந்த குடும்பத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 1821 ஜூன் 13 அன்று பாரிஸில் பிறந்தார். கொள்ளுத்தாத்தா பிரான்ஸின் மார்ஷல். 1789இல் பதினாறாம் லூயியின் போர் அமைச்சராகச் சில நாட்கள் இருந்து, புரட்சி வந்ததும் நாட்டை விட்டு ஓடி, அயல்மண்ணிலேயே இறந்தவர். தாத்தா புரட்சியை ஆதரித்தும் 1794இல் கில்லட்டினுக்குப் பலியானார். தந்தை விக்டோர் 1830-களில் பிரதமராகவும் பின்பு லண்டனில் தூதராகவும் இருந்தார். தாய் அல்பெர்த்தீன், எழுத்தாளர் மதாம் டி ஸ்டாலுடைய மகள். அந்த வழியில் பார்த்தால், புரட்சிக்கு முந்தைய பிரான்ஸின் கஜானாவைக் கையாண்ட ஜெனீவா வங்கியாளர் நெக்கரின் கொள்ளுப்பேரன் இவர். ஒரு பக்கம் வாள், தூது, அரசவை. இன்னொரு பக்கம் வங்கி, கடன், கணக்கு. இதற்கும் முந்தைய தலைமுறையில் ஒரு விசேஷம் உண்டு. மார்ஷலின் தம்பி ஷார்ல் டி ப்ராய், பதினைந்தாம் லூயி தன் அமைச்சர்களுக்கே தெரியாமல் நடத்திய இரகசியத் தூது அமைப்பைப் பல ஆண்டுகள் இயக்கியவர். நூறாண்டு கழித்து அந்தக் கடிதங்களை ஆராய்ந்து ‘அரசரின் இரகசியம்’ என்ற நூலை 1878இல் வெளியிட்டவர் ஆல்பெர்தான். ஓர் அரசின் வெளிக்கொள்கைக்கு வெளியே தெரியும் முகம் ஒன்றும் தெரியாத முகம் ஒன்றும் இருக்கும் என்பது அவருக்குக் குடும்பச் சொத்தாகவே வந்த அறிவு.

அவருடைய முதல் தூதரக வாழ்க்கை குறுகியது. மாட்ரிட்டிலும் ரோமிலும் தூதரகச் செயலராக இருந்தார். 1848 புரட்சி ஓர்லியான் மன்னரை விரட்டியதும் பதவியை விட்டு விலகினார். வயது இருபத்தாறு. அதன் பிறகு மூன்றாம் நெப்போலியனின் பேரரசு முழுவதும், ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அரசுப் பதவி எதையும் ஏற்காமல் எழுத்தில் கழித்தார். நான்காம் நூற்றாண்டில் திருச்சபைக்கும் ரோமப் பேரரசுக்கும் இருந்த உறவைப் பற்றி ஆறு தொகுதிகள் எழுதினார். 1862இல் பிரெஞ்சு அகாதெமி அவரை உறுப்பினராக்கியது. மன்னராட்சியை விரும்பிய ஒரு தாராளவாதக் கத்தோலிக்கருக்குப் பேரரசின் கீழ் அரசியலில் இடமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கம்பெனி வந்து சேர்ந்தது. அரசு கைவிட்ட ஒரு வர்க்கம் தன் நேரத்தையும் தொடர்புகளையும் எங்கே கொண்டுபோய்ச் செலுத்தும் என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை ஒரு விடை. நிலம் ஒரு விடை, எழுத்து ஒரு விடை, மூன்றாவது விடை பங்குமூலதனக் கம்பெனியின் இயக்குநர் குழு. செயின்ட் கோபைனில் இது புதிதும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரபுக்களும் ஜெனீவா பணக்காரர்களும் அதன் பங்குகளை வைத்திருந்தார்கள்.

கண்ணாடித் தொழிலுக்குத் தூதர் எதற்கு? கண்ணாடி கனமான சரக்கு, உடையும் சரக்கு, அதன் விலைக்குத் தூரப் போக்குவரத்தின் செலவு தாங்காது. ஆகவே ஓர் இடத்தில் செய்து உலகம் முழுக்க அனுப்புவதைவிடச் சந்தை இருக்கும் நாட்டிலேயே ஆலை வைப்பது லாபம். அதோடு, உலையை ஒருமுறை மூட்டிவிட்டால் நினைத்தபோது அணைக்க முடியாது. இன்றைய மிதவை ஆலையில் 1500 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் குழம்பு, உருகிய வெள்ளீயத்தின் மேல் தகடாகப் பரவி இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த உலையின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள். துணி ஆலையைப் போல ஒரு வருடம் மூடி வைத்து அடுத்த வருடம் திறக்கும் தொழில் அல்ல இது. அன்றைய வார்ப்புக் கண்ணாடி உலைகளும் பெரும் முதலீட்டையும் நீண்ட காலத்தையும் கேட்டன. அந்நிய மண்ணில் இப்படி ஓர் ஆலையை வைப்பவன் அந்த நாட்டு அரசிடம் பிணைக்கைதி போலத்தான். சுங்கத் தீர்வை மாறலாம், போர் வரலாம், ஆட்சி கவிழலாம், உலையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. செயின்ட் கோபைன் 1858இல் தன் போட்டியாளரான சேன் கிரேன் கம்பெனியோடு இணைந்தது. அந்தக் காலத்திலேயே ஜெர்மன் மண்ணில் மன்ஹைம், ஸ்டோல்பெர்க் என்ற இரண்டு இடங்களில் பிரெஞ்சு முதலீட்டில் கண்ணாடி ஆலைகள் இயங்கின. 1889இல் இத்தாலியின் பிஸாவில் ஒன்று சேர்ந்தது. அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1887இல் இத்தாலி தன் இறக்குமதித் தீர்வையை உயர்த்தி, 1888இல் பிரான்ஸோடு தீர்வைப் போரில் இறங்கியிருந்தது. வேலிக்கு வெளியே நின்று சரக்கு விற்க முடியாத காலத்தில் வேலிக்கு உள்ளே ஆலை வைப்பது என்பது பொருளாதாரக் கணக்கு மட்டும் அல்ல, அயலுறவுக் கணக்கும்கூட.

1871ஆம் ஆண்டு இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று. அந்த ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது. பிரான்ஸ் தோற்று மண்டியிட்டிருந்தது. அந்த மண்டபத்தின் 357 ஆடிகளைச் செய்து கொடுத்தது, பதினான்காம் லூயியின் சாசனத்தால் பிறந்த அதே கண்ணாடித் தொழிற்சாலை. அதன் அப்போதைய தலைவர் ஆல்பெர் டி ப்ராயை அடுத்த மாதமே பிரெஞ்சு அரசின் புதிய தலைவர் தியேர் லண்டனுக்குத் தூதராக அனுப்பினார். கருங்கடலில் போர்க்கப்பல் வைக்கக் கூடாது என்ற 1856 உடன்படிக்கையின் விதியை ரஷ்யா உதறித் தள்ளியிருந்தது. அதைப் பேசித் தீர்க்க லண்டனில் மாநாடு கூடியது. முற்றுகையில் சிக்கியிருந்த பாரிஸிலிருந்து பிரெஞ்சுப் பிரதிநிதி வரவே முடியவில்லை. மார்ச் 13 அன்று நடந்த இறுதி அமர்வில் பிரான்ஸின் சார்பில் கையெழுத்திட்டவர் டி ப்ராய். ஐந்து நாள் கழித்துப் பாரிஸில் கம்யூன் எழுச்சி தொடங்கியது. தோற்றுப்போன நாட்டின் தூதர் அவர். தன் நாட்டைத் தோற்கடித்த நாட்டில் ஆலைகள் வைத்திருந்த கம்பெனியின் தலைவரும் அவரேதான். தேசம் என்ற எல்லைக்குள் நின்று பார்த்தால் இது ஒரு முரண். கம்பெனியின் பக்கம் நின்று பார்த்தால் அது ஒரு தகுதி. பகை நாட்டிலும் சொத்து வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, பகைமைக்கு நடுவிலும் பேச்சைத் தொடரத் தெரிந்த ஒருவர் தேவை.

லண்டன் பதவி நீடிக்கவில்லை. பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே 1860இல் ஏற்பட்ட வர்த்தக உடன்படிக்கை தீர்வைகளைக் குறைத்திருந்தது. போர் நஷ்டஈட்டுச் சுமையில் தவித்த தியேரின் அரசு அதை மாற்றப் பார்த்தது. அந்தப் பேச்சுவார்த்தையை டி ப்ராய் நடத்திய விதம் விமர்சனத்துக்கு உள்ளாகி, 1872இல் பதவி விலகினார். அதாவது தூதராக அவரைக் கடைசியில் சோதித்தது கருங்கடல் அல்ல, சுங்கம். நாடு திரும்பி, தேசிய சபையில் முடியாட்சிவாதிகளின் தலைவராகி, 1873 மே 24 அன்று தியேரையே வீழ்த்தினார். மக்மஹோன் ஜனாதிபதியாக, டி ப்ராய் பிரதமரும் வெளியுறவு அமைச்சரும் ஆனார். முடிக்கு உரிமை கோரிய ஷாம்போர் பிரபு மூவண்ணக் கொடியை ஏற்க மறுத்ததால் முடியாட்சி மீட்பு கைகூடவில்லை. ஜனாதிபதிக்கு ஏழாண்டுப் பதவிக்காலம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்து காலத்தை நீட்டிப் பார்த்தார். மேயர்களை அரசே நியமிக்கும் சட்டத்தையும் நிறைவேற்றினார். 1874 மே மாதம் அவர் அமைச்சரவை கவிழ்ந்தது. 1877 மே 16 நெருக்கடியில் மீண்டும் பிரதமராக அழைக்கப்பட்டு, கீழ்ச்சபையைக் கலைத்து, மாவட்ட ஆட்சியாளர்களை மாற்றி, பத்திரிகைகள்மேல் வழக்குகள் தொடுத்து, அக்டோபர் தேர்தலில் குடியரசுவாதிகளிடம் தோற்றார். இதை மென்மையாகச் சொல்ல முடியாது. மக்களின் தீர்ப்பை நிர்வாக அழுத்தத்தால் வளைக்கப் பார்த்த ஆட்சி அது. அது தோற்றது பிரான்ஸுக்கு நல்லதாயிற்று. ஆனால் தோற்றது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூடிய அறையில் சிலர் கூடி முடிவெடுக்கும் முறை, வாக்காளர்கள் நிறைந்த திடலில் தோற்றது. இயக்குநர் குழுவின் அறையில் அதே முறை தோற்கவில்லை, ஏனென்றால் அந்த அறையே அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். பிரபுக்களின் பெயர்களைக் கம்பெனிகள் அலங்காரத்துக்காக இயக்குநர் குழுவில் வைத்துக்கொண்ட காலம் அது. பட்டம் உள்ளவர் தலைமையில் இருந்தால் பங்குதாரர்களுக்கு நம்பிக்கை வரும், வேலையை மேலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். டி ப்ராயும் அப்படி ஒருவர்தானே? பல கம்பெனிகளுக்கு இந்த மறுப்பு பொருந்தும். இங்கே பொருந்தாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, காலம். அலங்காரத்துக்காக வைத்த பெயரின் மதிப்பு அரசியல் செல்வாக்கோடு சேர்ந்து ஏறி இறங்கும். 1877க்குப் பிறகு டி ப்ராயின் பெயர் பிரான்ஸில் வென்ற கட்சிக்குக் கசப்பான பெயர். 1885இல் செனட்டையும் இழந்தார். குடியரசு அரசோடு நல்லுறவு வேண்டிய ஒரு கம்பெனி வெறும் பெயருக்காக அவரை வைத்திருந்தால், அவரைக் கைவிட அதுதான் சரியான நேரம். கைவிடவில்லை. மேலும் பதினாறு ஆண்டுகள், சாகும்வரை, அவரே தலைவர். இரண்டாவது காரணம், அவருக்குப் பின் வந்தவர். 1901இல் தலைமை ஏற்ற மெல்ஷியோர் டி வோகுவே மார்க்கி பட்டம் உள்ள பிரபு, சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் ஆய்வு செய்த தொல்லியலாளர், 1871 முதல் 1879 வரை முதலில் கான்ஸ்டாண்டிநோபிளிலும் பின்பு வியன்னாவிலும் பிரான்ஸின் தூதர். தூதர், அறிஞர், பிரபு என்ற மூன்றும் ஒரே ஆளில் சேர்ந்த வார்ப்பை அடுத்தடுத்து இரண்டு முறை ஒரு கம்பெனி தேர்ந்தெடுத்தது. ஒருமுறை நடந்தால் தற்செயல் எனலாம். அரை நூற்றாண்டு தொடர்ந்தால் அது கொள்கை. வோகுவேயின் காலத்தில், 1904இல், ஐரோப்பியத் தகட்டுக் கண்ணாடி உற்பத்தியாளர்கள் சர்வதேச உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டு போட்டியைக் கட்டுக்குள் வைத்தார்கள். கூடிப் பேசி, பங்கு பிரித்து, எழுதிக் கையெழுத்திட்டு, மீறாமல் பார்த்துக்கொள்வது என்ற அந்த வேலை அரசுகளின் மாநாட்டு வேலையிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. அது வாங்குபவர்களுக்கு நன்மை செய்ததா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலும் செய்திருக்காது.

இன்னொரு மறுப்பு பொறியாளர்கள் பக்கத்திலிருந்து வரும். கம்பெனியை வளர்த்தது வேதியியலும் உலைத் தொழில்நுட்பமும்தானே, பிரபுக்களின் நாவன்மையா? 1840-களில் அதே கம்பெனிக்குத் தலைமை வகித்தவர், வாயு விதிகளால் பள்ளிக்கூடம்வரை அறியப்பட்ட வேதியியலாளர் கே-லுசாக். ஷோனியில் நடந்த சோடா உற்பத்தியும், 1872இல் பெரே-ஒலிவியே இரசாயனக் கம்பெனியோடு நடந்த இணைப்பும், செயின்ட் கோபைனைக் கண்ணாடிக்கு அப்பால் கொண்டுபோயின. இதை மறுக்க வேண்டியதில்லை. தொழில்நுட்பம் இல்லாமல் தூது பேச எதுவுமே இருந்திருக்காது. ஆனால் தொழில்நுட்பம் மட்டும் வைத்து இந்தக் கம்பெனியின் நீண்ட ஆயுளை விளக்க முடியாது. தகட்டுக் கண்ணாடியின் வரலாற்றில் கடைசிப் பெரிய கண்டுபிடிப்பான மிதவை முறை பிரான்ஸில் பிறக்கவில்லை. 1950-களில் இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி உருவாக்கியது. உலகத்தின் மற்றக் கண்ணாடிக் கம்பெனிகள் அதன் உரிமத்தை விலைக்கு வாங்கின. கண்டுபிடித்தவர்கள் கையிலிருந்து கண்டுபிடிப்பைப் பெறுவதும் ஒரு பேச்சுவார்த்தைதான். ஸ்ரீபெரும்புதூரில் இன்று உருகி ஓடும் கண்ணாடியும் அந்த மிதவை முறையில் ஓடுவதுதான்.

பதவிகளை இழந்த பிறகு டி ப்ராய் எழுதிய நூல்களைப் பார்த்தால் மனிதர் இன்னும் தெளிவாகத் தெரிகிறார். அவற்றில் பெரும்பாலானவை பதினெட்டாம் நூற்றாண்டு இராஜதந்திரத்தைப் பற்றியவை. பிரஷ்யாவின் ஃபிரெடெரிக், ஆஸ்திரியாவின் மரியா தெரேசா, பதினைந்தாம் லூயி ஆகியோரின் போர்களையும் பேரங்களையும் வெளியுறவு ஆவணங்களிலிருந்து எடுத்து எழுதினார். அந்த வரிசையில் 1892இல் வெளிவந்தது எக்ஸ்-லா-ஷப்பெல் சமாதானம் பற்றிய நூல். தமிழ் வாசகர்கள் அந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். 1748 அக்டோபரில் ஐரோப்பாவில் கையெழுத்தான அந்தச் சமாதானம் சென்னையை ஆங்கிலேயருக்குத் திருப்பிக் கொடுத்தது. வட அமெரிக்காவின் லூயிபூர்க் கோட்டை பிரான்ஸுக்குத் திரும்பியது. சென்னைப் பட்டணத்தில் யாரையும் கேட்காமல் சென்னையின் விதி ஒரு ஜெர்மன் ஊரில் முடிவாயிற்று. பாரிஸ் ஆவணங்களின் வழியாக அந்தச் சமாதானத்தைப் பற்றி எழுதியவருடைய கம்பெனிதான் நூற்றாண்டு கழித்துச் சென்னைக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டரில் உலை மூட்டியது. அந்தச் சமாதானத்தின் மறுபக்கத்தைத் தமிழில் எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு 1846இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து சில பகுதிகளை ஜூலியன் வேன்சோன் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1894இல் வெளியிட்டார், டி ப்ராயின் நூலுக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து. தூதர்களின் கடிதங்களில் ‘இந்தியாவில் உள்ள இடங்கள்’ என்று ஒரு வரியில் அடங்கிவிடும் விஷயம், பிள்ளையின் குறிப்புகளில் சரக்கு, விலை, லஞ்சம், பயம், சாதி, சகுனம் என்று ஆள் முகங்களோடு வருகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காதவரை ஒன்றுகூட முழுமை ஆகாது.

டி ப்ராயின் மரபுக்கு இருந்த பெரிய குறையும் இங்கேதான் தெரிகிறது. இராஜதந்திரம் என்ற கலை, எதிரில் இருப்பவரைப் பேசத் தகுந்த தரப்பாக ஏற்றுக்கொள்வதில் தொடங்குகிறது. யாரை ஏற்பது, யாரை ஏற்காமல் விடுவது என்பதே பாதி அதிகாரம். அரசுகள் ஒன்றையொன்று ஏற்றன. கம்பெனிகள் அரசுகளை ஏற்றன, தங்களுக்குள் ஒன்றையொன்று ஏற்றன. ஆலையில் வேலை செய்தவர்களுக்கு அந்த மேஜையில் நாற்காலி கிடையாது. பிரான்ஸில் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அனுமதியே 1884இல்தான் வந்தது. அதாவது டி ப்ராயின் தலைமைக் காலத்தின் முதல் பாதி முழுவதும் சங்கம் என்பது சட்டத்தின் கண்ணில் இல்லாத ஒன்று. நம் தொழில் தடத்தில் இந்தக் கேள்வி பழைய வரலாறாக ஆகிவிடவில்லை. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. கூலி உயர்வும் கோரிக்கைதான் என்றாலும், போராட்டத்தின் மையம் தொழிலாளர்கள் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்வதும் அதோடு நிர்வாகம் பேசுவதும்தான். சங்கத்துக்குப் பதிவு கிடைக்க 2025 ஜனவரி ஆயிற்று. மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஓர் அந்நிய நிறுவனத்துக்குத் தயக்கம் இருப்பதில்லை. தன் ஆலையின் ஆட்களோடு கையெழுத்திடத் தயக்கம் இருக்கிறது. இதைத் தனி ஒரு நிறுவனத்தின் குணக்கேடாக மட்டும் பார்த்தால் போதாது. இறையாண்மை உள்ளவர்களோடு மட்டுமே சமமாக உட்காரப் பழகிய ஒரு நீண்ட மரபின் பழக்கமும் இதில் இருக்கிறது.

1998இல் தமிழ்நாட்டுக்கு வந்த செயின்ட் கோபைனும் டி ப்ராய் தலைமை வகித்த செயின்ட் கோபைனும் ஒன்றுதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நடுவில் இரண்டு உலகப் போர்கள். 1968-69இல் பி.எஸ்.என். நிறுவனம் பங்குதாரர்களிடம் நேரடியாகப் போய்க் கம்பெனியைக் கைப்பற்றப் பார்த்துத் தோற்றது. 1970இல் பொன்-த-முசோன் நிறுவனத்தோடு இணைப்பு. 1982இல் மித்தெரானின் அரசு அதை நாட்டுடைமை ஆக்கியது, 1986இல் மீண்டும் தனியார்மயம். பிரபுக்களின் ஆதிக்கம் என்றோ போய்விட்டது. மனிதர்களின் தொடர்ச்சி இங்கே கிடையாது, அதை நான் வாதிடவும் இல்லை. தொடர்வது தொழிலின் நிர்ப்பந்தம். கண்ணாடி இன்றும் கனமானது, இன்றும் உடையும், உலை இன்றும் அணையாது. ஆகவே இந்தியாவில் விற்க வேண்டுமானால் இந்தியாவில் செய்ய வேண்டும், செய்ய வேண்டுமானால் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு ஓர் அரசின் வார்த்தையை நம்ப வேண்டும். கார் ஆலைகளும் கட்டடச் சந்தையும் அருகிலேயே இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் அந்தக் கணக்கில் பொருந்தியது. பிஸாவுக்கும் மன்ஹைமுக்கும் போனபோது எந்தக் கேள்விகளைக் கேட்டார்களோ ஏறத்தாழ அதே கேள்விகளைத்தான் இங்கே வந்தவர்களும் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கம் ஒரு நிறுவனத்தில் எப்படிப் படிந்தது என்பதற்கு டி ப்ராயின் முப்பது சொச்ச ஆண்டுகள் ஒரு விளக்கம்.

மேஜையின் இந்தப் பக்கத்தில் நமக்கு என்ன இருக்கிறது? அனுபவம் இல்லாமல் இல்லை. சிப்காட் 1971 முதல் நிலம் எடுத்து, சாலையும் தண்ணீரும் கொடுத்து, கம்பெனிகளோடு பேசி வருகிறது. ஒவ்வொரு முறை ஆட்சி மாறும்போதும் பேசியதில் பெரும்பாலானவை மாறாமல் நின்றதே இந்தத் தடத்தின் பெரிய பலம். குறைவது ஆவணம். டி ப்ராய் தன் முன்னோரின் இரகசியக் கடிதங்களைப் பற்றி எழுதியது, அவை நூறாண்டு அழியாமல் இருந்ததாலும் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டதாலும்தான். செயின்ட் கோபைன் தன் பழைய ஏடுகளைப் பிரான்ஸின் புளுவா நகரில் தனிக் காப்பகமாகவே வைத்திருக்கிறது. அதன் முந்நூறு ஆண்டு வரலாறு அதனால்தான் எழுதப்படுகிறது, அதன் பார்வையில் எழுதப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் ஆகிய இடங்களின் நில எடுப்புக் கோப்புகள், இழப்பீட்டு வழக்குகள், புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் அவற்றில் இருந்த சலுகைகளும், தொழில் தகராறுகள் சட்டப்படி தொழிலாளர் துறை முன்னிலையில் கையெழுத்தான 12(3) ஒப்பந்தங்கள், நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் செய்துகொண்ட 18(1) ஒப்பந்தங்கள் எல்லாம் இன்று வெவ்வேறு அலுவலகங்களின் அலமாரிகளுக்கு உரியவை. ஒரு காலவரம்பு வைத்து, வணிக இரகசியம் காலாவதியானதும், இவற்றை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி ஆய்வாளருக்குத் திறப்பதை அரசு விதியாக்க வேண்டும். நிலத்தைக் கொடுத்த கிராமத்தார், முதல் ஷிஃப்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆகியோரின் வாய்மொழிப் பதிவுகளையும் அதே காப்பகம் இப்போதே சேர்க்கத் தொடங்கலாம். முதல் தலைமுறை ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறது.